மழையை எப்படிக் கூப்பிடுவது

கும்மியில் முதல் தடவை பாடும்போது கைதட்டல் சுத்தமாக வந்தது. அதே அடியைத் திரும்பப் பாடத் தொடங்கியதும் சிதறியது. பாதிப் பிள்ளைகள் முன்னே தட்டினார்கள், பாதிப் பேர் பின்னே. தகரக் கூரையில் புளியங்கொட்டையைக் கொட்டியது போல ஒரு சத்தம்.

சூலூர்ப் பள்ளிக்குப் பாட்டு சொல்லித்தர வந்திருந்த மனோஜ்குமாருக்குக் காரணம் பிடிபடவில்லை. அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பாட்டும் அவரே எழுதியதுதான்: 'சீக்கிரம் ஓடி மழையே வா.' சொல்லுக்கு ஒரு தட்டு, ஆக நான்கு. இதைவிட எளிதாக எழுத முடியாது.

தலைமை ஆசிரியை சண்முகப்பிரியா காலையிலேயே சொல்லிவிட்டார்: "சாயங்காலம் வந்து பாக்கறேனுங்க சார். ஒண்ணாத் தட்டலைன்னா உங்க வெள்ளிக்கிழமை பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கறேன்."

மனோஜ்குமார் சிக்கலைப் பிரித்துப் பார்த்தார். முதலில் பாடாமல் தட்டச் சொன்னார். ஒரே சத்தம், கையில் கோளாறு இல்லை. பிறகு தட்டாமல் பாடச் சொல்லி, காதைக் கொடுத்தபடி வட்டத்தைச் சுற்றி நடந்தார். ஐந்தாம் வகுப்பு ரித்திகாவின் அருகில் நின்றார்.

"என்ன பாடின? இன்னொரு தடவை பாடு."

"சீக்கிரம் ஓடி மழையே வாங்க."

"வான்னுதானே எழுதியிருக்கேன்?"

"வான்னு கூப்பிட்டா வருமாங்க சார்?"

"அவ பூனையவே வாங்கம்பாளுங்க சார்," என்றான் பக்கத்தில் நின்ற சுஃப்யான்.

"நீ என்ன பாடின?"

"நானும் வாங்கதானுங்க."

இப்போது புரிந்தது. 'வா' இரண்டு மாத்திரை. 'வாங்க' மூன்றரை. மிச்சமுள்ள ஒன்றரை மாத்திரை, திரும்பப் பாடும் அடியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 'வா' பாடியவர்கள் நேரத்துக்குத் தட்டினார்கள், 'வாங்க' பாடியவர்கள் பின்தங்கினார்கள்.

எல்லோரையும் 'வா' என்றே பாடச் சொன்னார். தட்டு சேர்ந்தது, குரல் செத்தது. கடைசிச் சொல்லை மட்டும், யாரையோ மரியாதையில்லாமல் பேசிவிட்டது போல, தலையைக் குனிந்து முணுமுணுத்தார்கள். அதற்குள் சண்முகப்பிரியா வாசலில் வந்து நின்றுவிட்டார்.

"சரி, எல்லாரும் வாங்கன்னே பாடுங்க," என்றார் மனோஜ்குமார். "அதுக்கு ரெண்டு தட்டு வேணும். அப்ப மொத்தம் அஞ்சாயிடும், கும்மிச் சுற்றுக்கு நாலுதான். எந்தச் சொல்லை எடுக்கலாம்?"

பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினார்கள்.

"ஓடியை எடுத்துரலாமுங்க," என்றாள் ரித்திகா. "வாங்கன்னு மரியாதையாக் கூப்பிட்டுப்போட்டு, ஓடி வரச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

பாடினார்கள். திரும்பப் பாடினார்கள். இரண்டு அடியும் சேருமிடத்தில் எல்லாக் கையும் ஒன்றாகத் தட்டின. குரலும் கூரையைத் தொட்டது.

"மொத்தம் மாறாம இருக்கோணும்னா இந்தப் பக்கம் கூட்டினதை அந்தப் பக்கம் கழிக்கோணும்னு நானும் ஒரு மாசமாச் சொல்லிக் குடுக்கறேனுங்க சார்," என்றார் சண்முகப்பிரியா. "இங்க அவங்களே செஞ்சுபோட்டாங்க. பீரியடு உங்களுக்கே இருக்கட்டுங்க."

மனோஜ்குமார் கரும்பலகையில் பழைய அடியை அழித்துவிட்டு எழுதினார்: 'சீக்கிரம்', ஒரு தட்டு. 'மழையே', ஒரு தட்டு. 'வாங்', ஒரு தட்டு. 'க', ஒரு தட்டு.