யூனிபார்ம் போட்ட வைரஸ்

தப்பு என்னுதுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா என் தங்கச்சி சுகப்பிரியாவுக்குப் புத்தி எங்க போச்சு?

வல்லம் வடகால்ல, இறாலுக்கு நோய் இருக்கான்னு பாக்குற கிட் செய்யுற கம்பெனியில அவளுக்குப் பதினோரு மணிக்கு இன்டர்வியூ. ரெண்டு வருசமா வேலையில்லாம என் ரூம்ல கெடக்கா. இதுவும் போச்சுன்னா ஊருக்கே கூட்டிட்டுப் போயிருவேன்னு அப்பா சொல்லிட்டாரு. அன்னைக்கு எனக்கு லீவு. அன்னைக்குன்னு பாத்து ஆட்டோவும் கிடைக்கல. "ஏட்டி, என் யூனிபார்மையும் கார்டையும் மாட்டிக்கிட்டு எங்க கம்பெனி பஸ்ல ஏறு. வழியில டிரைவர்ட்ட சொல்லி இறங்கிக்க"ன்னேன்.

அந்த மனுசன் நிறுத்தவே இல்ல! ஒரகடத்துல, கார் சீட்டு செய்யுற எங்க பிளான்ட்டுக்குள்ளயே கொண்டுபோய் இறக்கிட்டாரு. தொப்பியும் மாஸ்க்கும் போட்டா எல்லாரும் ஒண்ணுதானே. சூப்பர்வைசர் வசந்தகுமார் என் கார்டைப் பாத்துட்டு, "இன்னாமா நின்னுகினு கீற? ஆள் பத்தல, லைன்ல ஏறு"ன்னு கத்த, இந்த மக்கு ஏறிட்டா! ரெண்டு மணி நேரம் கார் சீட்டுக்கு கிளிப் மாட்டிட்டு, வயித்துவலின்னு நடிச்சு வெளிய ஓடியிருக்கா.

அதே யூனிபார்மோட, பத்து நிமிசம் லேட்டா இன்டர்வியூவுக்குப் போய் நின்னுருக்கா. இன்டர்வியூ எடுத்த மரகதம் மேடம் அவளை மேலயும் கீழயும் பாத்துட்டு, "வெள்ளைப்புள்ளி வைரஸ் இறாலுக்குள்ள எப்படிம்மா போவுது?"ன்னு கேட்டாங்களாம். படிச்ச இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் மறந்துபோச்சு அவளுக்கு. அழுகை முட்டிட்டு வந்துச்சாம். காலையில பட்டதையெல்லாம் சொல்லி, அதை வச்சே பதிலும் சொல்லிட்டா.

"மேடம், வைரஸோட மேல்தோல்ல ஒரு புரதம் இருக்கு. அது இந்த யூனிபார்ம் மாதிரி. இறால் செல்லுல சரக்கு கொண்டுபோற புரதம் ஒண்ணு இருக்கு. அது கம்பெனி பஸ். ரெண்டும் ஒட்டிக்கிட்டா, நம்ம ஆளுதான்னு பஸ்ஸே உள்ள கூட்டிட்டுப் போயிரும். உள்ள போன வைரஸ், அந்த செல்லையே வேலை வாங்கி, தன்னை மாதிரி ஆயிரம் செய்ய வைக்கும். என் கதைதான் தலைகீழ் மேடம். உள்ள போன என்னைய அவங்க வேலை வாங்கிட்டாங்க!"

மேடம் சிரிச்சுச் சிரிச்சு இருமி, தண்ணி குடிச்சுட்டு, "சரி, இதை எப்படித் தடுப்ப?"ன்னாங்க.

"வைரஸ் ஒட்டுற எடத்துல வேற ஒண்ண முந்தியே ஒட்ட வச்சிரணும். பஸ்ல சீட்டு நெறைஞ்சா அது ரோட்டுலயே நிக்கட்டும் மேடம்!"

திங்கக்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க. அவளைக் கட்டிப்பிடிச்சு நான்தான் ரொம்ப அழுதேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். வசந்தகுமார் பக்கத்துல வந்து என் கையையே பாத்துட்டு நின்னாரு. செத்தோம்டான்னு தலையைக் குனிஞ்சு கிளிப் மாட்டுனேன்.

"இன்னா முத்துச்செல்வி, நேத்து வயித்துவலியோடயே அவ்ளோ ஸ்பீடா செஞ்ச? இன்னைக்கு இன்னா ஆச்சு உனக்கு?"