கொரோனாவுக்குக் கட்டிய வேப்பிலை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. கற்பனையைத்தான் எழுத்தாளர்கள் அடக்கமாகப் பொய் என்பார்கள். இது அந்த ரகம் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் முகத்துக்கு நேராகச் சொன்ன பச்சைப் பொய். சொன்னவன் இதை எழுதுகிற நெடுஞ்செழியன். விழுப்புரத்தில் பத்திரம் எழுதுவது தொழில், குடியிருப்பது திண்டிவனத்தில். ஞாயிற்றுக்கிழமைகளில் கதை எழுதுவான். மூன்று கதைகள் சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன, நாலாவது இதுவாக இருக்கக் கூடாது என்று அவன் மனைவி ராஜாமணி நினைக்கிறாள்.

ஊரார் சொத்துக்கெல்லாம் “முழு மனதுடன் சம்மதித்து எழுதிக் கொடுத்த” என்று பல்லாயிரம் முறை எழுதிய கை. தன் விஷயம் என்று வந்தவுடன் மக்கர் பண்ணுகிறது.

2

முதல் தொடக்கம்: “இரண்டாயிரத்து இருபத்திரண்டு தை மாதம், மூன்றாம் அலை விழுப்புரம் மாவட்டத்தில்...” (செய்தித்தாள். விட்டாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: “கெடார் தாண்டவராயனுக்கு இரண்டு ஊசி போட்டும் கொரோனா வந்தது.” (பேரையும் ஊரையும் மாற்றினதில் தைரியம் வந்தது. இதை வைத்துக்கொண்டான். பக்கத்து வீட்டு அம்மாளுக்குக் குப்பம்மாள் என்று பேர் வைத்தான்.)

அடுத்த வரி: “வாசலில் வேப்பிலை கட்டிவிடலாம் என்று யோசனை சொன்னவள் தாண்டவராயனின் மனைவி.”

ராஜாமணி இதைப் படித்துவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

“நானா சொன்னேன்?”

“கதைக்கு அப்படி இருந்தா நல்லா இருக்கும்னு...”

“யாருக்கு நல்லா இருக்கும்? கட்டச் சொன்னது நீங்க. நான் கட்டினேன், அது என் தப்பு. என் தப்ப நான் வச்சிக்கிறேன், உங்கள்து எனக்கு வேணாம்.”

[அந்த வரி அடிக்கப்பட்டது.]

3

நடந்ததைப் பத்திரம் போலவே எழுதிவிடலாம்.

முந்தைய வருஷம் தெருவாரை ஊசி முகாமுக்குத் திரட்டிக்கொண்டு போனவன் நெடுஞ்செழியன். மூன்று ஷேர் ஆட்டோ நிறைய ஆட்கள். வராமல் நின்றது கிழக்கே பக்கத்து வீட்டுப் பூமாலை மட்டும்தான், கதையில் குப்பம்மாள். ஐம்பத்தைந்து வயசு, தனிக்கட்டை, மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைப் பருப்பு பொறுக்கும் வேலை. “ஊசி போட்டா ரெண்டு நாளு ஜொரம் அடிக்குதாமே தம்பி. மண்டிக்கு யாரு போறது?” என்றாள். அவன் தெருவுக்கே கேட்கும்படி, “என்னப் பாருக்கா. ரெண்டு ஊசி. இந்தத் தெருவுல கொரோனா நுழையணும்னா என்கிட்ட கேட்டுக்கினுதான் நுழையணும்” என்றான்.

கேட்காமலே நுழைந்துவிட்டது. தையில் காய்ச்சல், உடம்பு வலி, நாக்கில் உப்பு தெரியவில்லை. விழுப்புரத்தில் சளி எடுத்துக் கொடுத்தபோது முகவரி என்ற இடத்தில் ஆபீஸ் முகவரியை எழுதினான். வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்ட வந்துவிடக் கூடாதே என்று. முடிவு போனில் வந்தது. அவனைப் பயமுறுத்தியது நோய் இல்லை. இரண்டு ஊசியும் வேலை செய்துகொண்டிருந்தன. மாத்திரையும் கஞ்சியுமாக ஏழு நாள் அறைக்குள் கிடந்தால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயமெல்லாம் தெருவைப் பற்றி. ஊசி போட்டவனுக்கே வந்துவிட்டதே என்று சிரிப்பார்கள்.

“அம்மைன்னு சொல்லிடலாம். ஒருத்தரும் உள்ள வரமாட்டாங்க. பேச்சும் இருக்காது” என்றான்.

ராஜாமணி வேப்பிலைக் கொத்தை நிலையில் செருகினாள். தெரு உடனே மரியாதைக்கு மாறியது. பக்கத்தில் பாட்டுச் சத்தம் குறைந்தது. வாசலைக் கடக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். கொரோனாவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதே தெரு, அம்மாவுக்குத் தலை குனிந்தது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டான். ஆமாம், சந்தோஷம்தான். வேறு வார்த்தை தேடிப் பார்த்துவிட்டான்.

ஒருத்தரும் வரமாட்டார்கள் என்ற கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டான்.*

* அம்மை ஒரு தடவை போட்டவர்களுக்குப் பயம் கிடையாது. அவர்கள்தான் துணிந்து உள்ளே வந்து பணிவிடை செய்வார்கள். பூமாலையின் மூக்கிலும் கன்னத்திலும் தழும்பு உண்டு. தினமும் பார்க்கிற முகம்.

4

இந்தப் பகுதியை ஒன்பது முறை எழுதியிருக்கிறான்.

“குப்பம்மாள் உள்ளே வருவதைத் தாண்டவராயன் தடுக்க முயன்றான், ஆனால் காய்ச்சலில் குரல்...”

இல்லை. குரல் நன்றாகவே இருந்தது.

“குப்பம்மாள் வந்தபோது அவன் அயர்ந்து...”

தூங்கவும் இல்லை. ராஜாமணி கடைக்குப் போயிருந்தாள். வாசலில் பூமாலையின் குரல் கேட்டது: “தம்பி, தலைக்குக் குளிச்சிட்டுதான் வர்றேன். சுத்தமாத்தான் இருக்கேன். அம்மாவுக்குக் கூழு கொணாந்திருக்கேன்.” அவன் முகத்தில் மாஸ்க் இருந்தது. அம்மை போட்டவன் எதற்கு மாஸ்க் போடுவான்? அவள் நடையைத் தாண்டுவதற்குள் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தான்.

இந்த ஒரு வரிக்காகத்தான் ஒன்பது தடவை. இந்த முறை அடிக்கவில்லை.

கேப்பைக் கூழை அவளே ஆற்றிக் கொடுத்தாள். “முத்து எங்கெங்க போட்டிருக்கு?” என்று கேட்டாள். “முதுகுலக்கா” என்றான். பார்க்க வேண்டும் என்று அவள் கேட்கவில்லை, அம்மாவைச் சோதிக்கிற வழக்கம் இல்லை. சொரியக் கூடாது என்று சொல்லி, வேப்பிலைக் கொத்தால் காலிலிருந்து தோள் வரை மெதுவாக நீவிவிட்டாள். அவனுக்கு இருமல் வந்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். “வேதனையத் தாங்க முடியல பாரு” என்று அவள் இன்னும் கிட்ட வந்து முதுகைத் தடவினாள்.

மூன்று நாள் வந்தாள். முதல் நாள் சாயந்திரமே ராஜாமணி, “நாளைக்கு வந்தா சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்றேன்” என்றாள். “உள்ள வராம நான் பாத்துக்கிறேன். வெளிய தெரிஞ்சா பேஜாரு” என்று அவள் வாயை அடைத்தான். அடுத்த நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அவள் உள்ளே வருவதை.

5

ஏழாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். வேஷத்தைப் பாதியில் விட முடியாதே. அந்த வாரமே பூமாலைக்குக் காய்ச்சல். மூச்சு வாங்கியது. முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள், பாதி நாள் ஆக்சிஜனில். பிழைத்து வந்தாள். ஆனால் மண்டித் தூசி ஆகவில்லை, நாலு எட்டு நடந்தால் நிற்க வேண்டியிருந்தது. மண்டியை விட்டுவிட்டு வீட்டிலேயே பூ கட்டிக் கொடுக்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டாள். இப்போது அவள் முகத்தில் மாஸ்க் இருந்தது. கையில் எலுமிச்சம்பழம், கற்பூரம்.

“தம்பி, மன்னிச்சிக்கப்பா. மண்டியில எவன்கிட்டியோ ஒட்டிக்கினு இருந்திருக்கு. அது தெரியாம அம்மா இருந்த ஊட்டுக்குள்ள நோயோட வந்து உன்னத் தொட்டுட்டேன். உனக்கு ஒண்ணும் ஆவலயே?”

கதையில் ஒருவன் திருந்துவதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பூமாலையே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவன் சொன்னது இது:

“ஒண்ணும் ஆவலக்கா. நான்தான் ரெண்டு ஊசி போட்டிருக்கேன் இல்ல.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரி மூன்று மாதம் கழித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டாள். ஊசி போடாமல் மிச்சமிருந்த சொந்தக்காரர்களிடமெல்லாம், “எங்க பக்கத்து ஊட்டுத் தம்பியப் பாரு. நான் நோயோட போய்த் தொட்டேன், ஒண்ணும் ஆவல” என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். அந்த ஆடியில் மாரியம்மனுக்கு அபராதக் கூழ் ஊற்றி, முதல் சொம்பை அவனிடம் கொடுத்தாள். வாங்கிக் குடித்தான்.

6

முடிவுகள் சில எழுதி வைத்திருக்கிறான். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் ஆசை.

ஒன்றில் தாண்டவராயன் உண்மையைச் சொல்கிறான், குப்பம்மாள் அழுது மன்னிக்கிறாள். ராஜாமணி படித்துவிட்டு, “அவங்க மன்னிப்பாங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது? அவங்கள்தையும் நீங்களே எழுதிக்கினீங்களா?” என்றாள்.

இன்னொன்றில் குப்பம்மாளுக்கு எல்லாம் முன்பே தெரியும். சாமர்த்தியமான முடிவுதான். அவன் வாயைத் திறக்காமலே தப்பிக்கலாம்.

மூன்றாவதில் குப்பம்மாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போகிறாள். எழுதிக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் பூமாலை இருமினாள். உயிரோடு இருக்கிறவளை, ஒரு வாக்கியம் நன்றாக அமைகிறது என்பதற்காக, கொன்றுகொண்டிருந்தான். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டான். சீ என்று இருந்தது.

“எழுதறதே சொல்லாம இருக்கத்தான்” என்றாள் ராஜாமணி. சொல்லாமல் இருப்பது எத்தனை வருஷமாக என்று அவள் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

7

இன்று ஞாயிறு. காலையில் ராஜாமணி சுவரோரம் போய், “அக்கா, இவரு ஒரு கதை எழுதிக்கினு இருக்காரு. நீ வந்து கேளு” என்றாள். அவனைக் கேட்கவில்லை.

பூமாலை மல்லிக்கூடையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்து, “படி தம்பி” என்றாள். அவன் இரண்டாம் தொடக்கத்திலிருந்து படித்தான். கெடார், தாண்டவராயன், குப்பம்மாள். வேப்பிலை கட்டியதைப் படிக்கும்போதும் அவள் விரல்கள் பூ கட்டிக்கொண்டுதான் இருந்தன. தாண்டவராயன் மாஸ்க்கைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்தான் என்ற வரியில் நின்றுவிட்டன. அவன் நிறுத்தாமல் படித்தான். நிறுத்தினால் நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். குப்பம்மாள் எலுமிச்சம்பழத்தோடு வந்து மன்னிப்புக் கேட்கும் இடத்தோடு காகிதம் தீர்ந்தது.

பூமாலை கட்டின சரத்தைக் கூடையில் போட்டாள்.

“அப்பறம் அந்தாளு சொன்னானா?” என்றாள் பூமாலை.

“இன்னும் எழுதலக்கா.”

“எழுதறத அப்பறம் எழுதிக்க. நான் இங்கதான் உக்காந்துகினு இருக்கேன். சொல்லு.”

ராஜாமணி அடுப்படிக்குள் போய்விட்டாள். நாற்காலியில் இருப்பவள் எழுந்திருக்கவில்லை, கோபமா என்று அவள் முகத்தில் படிக்கவும் அவனால் முடியவில்லை. முகம் தெரியாத உங்களுக்கு ஆறு பகுதி முழுக்கச் சொல்லியாயிற்று. உங்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சொல்ல வேண்டியவளிடம் மட்டும் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதனால் இங்கே முடிவு கிடையாது. அது அவளுக்குச் சேர வேண்டியது. நீங்கள் தயவுசெய்து எழுந்து போங்கள்.