மாடு ஏறிய சுவர்

ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பெண் என்றால் எந்தப் பள்ளிக்கும் ஒரு சௌகரியம். சம்பளம் கிடையாது, எதிர்த்துப் பேச வாயும் கிடையாது. இரண்டாம் வகுப்பு டீச்சர் முதல் நாளே, படிக்கத் திணறும் ஐந்து பிள்ளைகளை இவள் தலையில் கட்டிவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மீதிப் பிள்ளைகள் அவர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னலோரம் ஒரு குட்டை மேசை, சுற்றி ஐந்து பேர். எழுத்தைப் பார்த்தாலே ஒருவனுக்கு ஒன்றுக்கு வந்துவிடும். இரண்டு பேர் அடித்துக்கொள்வார்கள். ஒருத்தி தூங்குவாள். சாயங்காலம் தொண்டை கட்டி, இடுப்பு கழன்று பஸ் ஏறினால், இவளும் தூங்கிப்போய் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போவதுண்டு.

ஐந்தாவது, குண்டூசி. ஒல்லி உடம்பு, பெரிய தலை. பிள்ளைகள் வைத்த பெயர் அது. எதிரே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததில் அவள் ஒருத்திதான் தேறினாள். வரி வரியாகப் படித்தாள். அதற்காகவே இவள் மறுநாளும் எழுந்து வந்தாள் என்று சொல்லவேண்டும்.

இன்று கல்லூரி மேடம் வந்து போடும் மார்க்தான் கடைசி. போன வருஷம் இதில் கோட்டை விட்டவள் இவள். இந்த முறையும் போனால் படிப்பு போதும், ஏதாவது கடையில் வேலைக்குப் போ என்று அம்மா சொல்லியாயிற்று. குண்டூசி ஒரு பக்கம் படித்துக் காட்டினால் கரையேறிவிடலாம்.

காலையில் ஒரு ஒத்திகை பார்த்தாள். குண்டூசி "பூனை" என்று ஆரம்பித்தாள். இவள் தொண்டை வறண்டு தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்தாள். படிப்பு நின்றது. பாட்டில் இறங்கியதும் "சுவரில்" என்றாள். இவள் மறுபடி குடித்தாள், படிப்பு மறுபடி நின்றது. குண்டூசியின் விரல் புத்தகத்தில் இருந்தது, கண் இவள் முகத்தில் இருந்தது. இவள் சத்தம் வராமல், பூனைக்குப் பதில் மாடு என்று உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள்.

"மாடு சுவரில் ஏறியது," என்று கணீரென்று படித்தாள் குண்டூசி. சிரிக்கக்கூட இல்லை.

பக்கத்துப் பையன்தான் சிரித்தான். இவளுக்கு அழுகை வந்தது. பிள்ளை படிக்கும்போது தன் உதடும் கூடவே அசைகிறது என்று இத்தனை நாள் இவளுக்கே தெரியாது. பாவம், அந்தக் குழந்தை புத்தகத்தை விட்டுவிட்டு இவளைப் படித்திருக்கிறது. யார்மேல் கோபப்படுவது? கோபப்படத் தெம்பும் இல்லை.

டீச்சரிடம் சொன்னாள். அவர் பரிதாபமாகப் பார்த்தார்.

"ஏம்மா, நீயா போய் மாட்டிக்காதே. எப்பவும் போல எதிர்ல உக்காரு, பாஸாகிட்டுப் போ. அடுத்த வருஷம் யாராவது பாத்துப்பாங்க."

அந்த யாராவது யாரென்று இவளுக்குத் தெரியும். படிக்கத் தெரிந்த பிள்ளை என்று பெயர் விழுந்துவிட்டால், அதற்கப்புறம் குண்டூசி பக்கம் ஒருவரும் திரும்பப்போவதில்லை.

மேடம் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இவள் வழக்கமான இடத்தில் எதிரே உட்கார்ந்தாள். குண்டூசி நம்பிக்கையோடு முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இவளால் தாங்க முடியவில்லை. எழுந்து சுற்றி வந்து, அவள் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்துகொண்டாள். குழந்தை கழுத்தைத் திருப்பித் தேடியது. இவள் ஒரு கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் முதல் எழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். அடித்துக்கொள்கிற இரண்டு பேரும்கூட அடங்கிவிட்டார்கள்.

"பூ," என்றாள் குண்டூசி. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. "...னை." அதோடு நின்றுவிட்டாள்.

"இத்தனை நாளா சொல்லிக் குடுத்து ஒரு வார்த்தைதானா?" என்று கேட்டார் மேடம்.

"இத்தனை நாளா நான்தான் படிச்சேன் மேடம். அவ இன்னிக்குத்தான் படிக்கறா."

"அப்போ எதுக்கு நான் மார்க் போடறது?"

மேடம் தாளில் ஒரு கோடு கிழித்தார். அது என்ன கோடு என்று இவளுக்குத் தெரியும், போன வருஷம் பார்த்ததுதான். பேனாவை மூடிக்கொண்டு அவர் எழுந்துகொள்ளும்போது, யார் முகத்தையும் பார்க்காமல், "சு," என்றாள் குண்டூசி.