மூக்கர் எழுதிய எண்

அந்தத் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வந்ததில்லை. மூக்கர் என்றுதான் சொல்வார்கள். மாதச் சம்பளச் சீட்டில் மட்டும் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அதை அவரே அவ்வளவாக மதிக்கவில்லை.

உணவகங்களில் பொரித்துப் பொரித்துக் கறுத்த எண்ணெய், இறைச்சிக் கடைகளில் மிஞ்சிய கொழுப்பு எல்லாம் பீப்பாய் பீப்பாயாக அங்கே வந்து இறங்கும். அவற்றை உருக்கி, வடிகட்டி, தண்ணீரை ஓட்டி, கடைசியில் லாரி ஓடுகிற டீசலாக அனுப்புவார்கள். எண்ணெய் பழசாகப் பழசாக அதில் அமிலம் ஏறும். புளிப்பு என்பார்கள் அங்கே. வந்த எண்ணெயில் புளிப்பு எவ்வளவு என்று சொல்வது மூக்கரின் வேலை. குறைவென்றால் எண்ணெய் நேராகப் பெரிய கலனுக்குப் போய்க் காரத்தோடு சேரும். அதிகமென்றால் முதலில் சின்னக் கலனில் அமிலமும் மெத்தனாலும் ஊற்றிப் பக்குவப்படுத்த வேண்டும். இதை மாற்றிச் செய்தால் டீசல் வராது, சோப்புதான் வரும்.

புளிப்பைப் பார்க்க ஒழுங்கான வழி உண்டு. குடுவையில் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் ஆல்கஹால், இரண்டு சொட்டு நிறம் காட்டும் மருந்து. மேலே மாட்டிய கண்ணாடிக் குழாயிலிருந்து காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு கலையாமல் நின்றதும், எவ்வளவு கரைசல் இறங்கியது என்ற எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலை. மூக்கருக்கு அதுவும் தேவைப்படவில்லை. பீப்பாய் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, இரண்டு தரம் இழுத்து முகர்ந்து, "ரெண்டரை" என்பார். யாராவது சந்தேகப்பட்டுக் குடுவையில் பார்த்தால் ரெண்டரைதான் வரும். பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் மேலாளர் முதலில் கலனைக் காட்டமாட்டார், மூக்கரைத்தான் காட்டுவார். தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் எந்த மனிதருக்குத்தான் கால் தரையில் நிற்கும்? குடுவையோடு மல்லாடும் புதுப் பையன்களை, "என்னப்பா, மூக்குல சளியா?" என்று கேட்டுச் சிரிப்பார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. நான்கே நாளில் போய்விட்டது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

வேறு யாராவது என்றால் மறுநாளே குடுவையை எடுத்திருப்பார்கள். மூக்கரால் முடியவில்லை. தான் குடுவையைத் தொடுவதை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற நினைப்பிலேயே அவருக்கு உடம்பு கூசியது. நாளை திரும்பிவிடும், நாளன்றைக்குத் திரும்பிவிடும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணை மூடி முகர்ந்தார். நிறத்தைப் பார்த்து, எந்த உணவகத்துச் சரக்கு என்று கேட்டு, எண்ணை எழுதினார். பழைய அனுபவம் கைகொடுத்தது. ஐந்து மாதம் ஓடியது.

போன புதன்கிழமை வந்த சரக்கு, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த ஓர் உணவகத்துடையது. பார்வைக்குத் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. ஒன்றரை என்று எழுதினார். வெள்ளிக்கிழமை காலை அது பெரிய கலனுக்குப் போனது. மதியத்துக்குள் கலக்கும் மோட்டார் முனகத் தொடங்கி நின்றுவிட்டது. திறந்து பார்த்தால் கலன் முழுக்கப் பழுப்பு நிறத்தில் கட்டிக் கூழ்.

எண்ணெய் சோப்பாவதற்கு இரண்டே காரணம்தான். புளிப்பு, இல்லையென்றால் தண்ணீர். மேலாளர் பதிவேட்டைப் பார்த்தார், ஒன்றரை என்றிருந்தது. அப்படியென்றால் தண்ணீர். எண்ணெயைத் தொட்டியில் சூடாக்கி, இரவெல்லாம் படியவிட்டு, காலையில் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது தொட்டிக்காரர் பொறுப்பு. மூக்கரைவிட நான்கு வயது மூத்தவர், பதினெட்டு வருடமாக அந்தத் தொட்டியோடு குடித்தனம் நடத்துகிறவர். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதாக அவர் மேல் பேச்சு வந்ததில்லை.

"மூக்கர் பார்த்தது தப்பா இருக்காது," என்றார் மேலாளர், எல்லாரையும் வைத்துக்கொண்டு.

மூக்கர் அங்கேதான் நின்றார். வாயைத் திறக்க வேண்டிய நேரம் அது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. கையிலிருந்த பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டார். திங்கட்கிழமை காலைக்குள் தொட்டிக்காரர் விளக்கம் எழுதித் தர வேண்டும், அதற்கப்புறம் வேலையில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு. இப்போதைக்குக் கலனுக்குள் இறங்கி சோப்பை அள்ளட்டும் என்று சொல்லிவிட்டு மேலாளர் போனார்.

அன்று சாயங்காலம் மூக்கர் சோதனை அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மாதிரிக்கு எடுத்து வைத்த எண்ணெயைக் குடுவையில் ஊற்றிப் பார்த்தார். காரக் கரைசல் இறங்கிக்கொண்டே இருந்தது. இளஞ்சிவப்பு வரும், கலையும். குழாய் முழுக்கக் காலியான பிறகும் நிற்கவில்லை. அவர் குடுவையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டிக்காரர் வீடு தேடி வந்தார். சாப்பாட்டு மேசையில் மூக்கரின் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். தொட்டிக்காரர் அதைத் தொடவில்லை. சோப்பு அள்ளியதில் இரண்டு கையும் காரம் பட்டு வெந்திருந்தன. பையிலிருந்து இறுக மூடிய ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். வடிகட்டியின் அடியில் தங்கிய அதே எண்ணெய்.

"வால்வை நல்லாத்தான் திறந்துவிட்டேன்னு நினைக்கிறேன், மாஸ்டர். ஆனா இப்ப எனக்கே உறுதியா சொல்லத் தெரியல. எனக்கு அங்க எல்லாம் ஒரே நாத்தம்தான். உங்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். ஒரு தடவை மோந்து பாத்து சொல்லுங்க. தப்பு என்னோடதுன்னா அப்படியே எழுதிக் குடுத்துடறேன்."

சொல்லியிருக்கலாம். வீட்டு ஆட்களைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? மூக்கர் பாட்டிலைத் திறந்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார், இரண்டு தரம் இழுத்தார். அந்த நடிப்பு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"புளிப்பு இல்லண்ணே," என்றார். "எண்ணெய் நல்லாத்தான் இருக்கு."

மகள் பென்சிலைப் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். எலி செத்த மாதிரி நாறுகிறது என்று சொல்லிக்கொண்டே, ஓங்கரித்தபடி கழிவறைப் பக்கம் ஓடினாள். தொட்டிக்காரர் அவள் போன திசையைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார், பிறகு மூக்கரைப் பார்த்தார்.

மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றாள். அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"அவருக்கு வாசனை தெரியாதுண்ணா. அஞ்சு மாசமாச்சு. அடுப்புல பால் பொங்கித் தீஞ்சு வீடே நாறும், பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிப்பார். தானா சொல்லட்டும்னு இருந்தேன்."

அவளுக்குத் தெரியும் என்பதே மூக்கருக்கு அப்போதுதான் தெரிந்தது. கையில் பாட்டில் திறந்தபடியே இருந்தது. அதை வாங்கி மூடியது தொட்டிக்காரர்தான். திட்டுவார் என்று மூக்கர் காத்திருந்தார். ஒரு கெட்ட வார்த்தையாவது வந்தால் தேவலை போலிருந்தது. "வரேம்மா," என்று மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். வீட்டில் எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்தார்கள். நாற்றம் போய்விட்டதா என்று கேட்கக்கூட மூக்கருக்கு வாய் வரவில்லை.

திங்கட்கிழமை காலை, வருகைப் பதிவுக்கு எல்லாரும் வரிசையில் நின்றபோது அவர் முன்னால் போய்ச் சொல்லிவிட்டார். காய்ச்சலையும், ஐந்து மாதத்தையும், நிறம் பார்த்து எழுதியதையும், துடைத்து வைத்த குடுவையையும், நேற்று வீட்டில் சொன்ன பொய்யையும் ஒன்றுவிடாமல் சொன்னார். புதுப் பையன்கள் தரையைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"குடுவை பக்கத்துலயேதானே இருந்துச்சு? அஞ்சு நிமிஷ வேலை. ஏன் பண்ணல?" என்று கேட்டார் மேலாளர்.

"வெட்கமா இருந்துச்சு சார்."

ஐம்பது வயது மனிதர் சொல்லக்கூடிய பதிலா அது? ஆனால் உண்மை அவ்வளவுதான் இருந்தது. சோதனை அறைச் சாவியை மேலாளர் வாங்கிக்கொண்டார். இனி பீப்பாய் இறக்கும் இடத்தில் வேலை, இஷ்டமில்லையென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார். தொட்டிக்காரர் எழுதிவந்த விளக்கக் கடிதத்தை, பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தார்.

மூக்கர் ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு கலனடிக்குப் போனார். தொட்டிக்காரர் ஏற்கெனவே உள்ளே இறங்கி அள்ளிக்கொண்டிருந்தார். மூக்கரும் இறங்கினார். முழங்கால் வரை சோப்பு. இருபது வாளி ஏற்றினார்கள். அப்புறம் மூக்கர், நின்ற இடத்திலேயே, தன்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டார்.

தொட்டிக்காரர் மண்வாரியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். கோபமாகப் பேசவில்லை. யாருடைய நோயைப் பற்றியோ விசாரித்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

"பதினெட்டு வருஷத்துல, தண்ணியை வெளிய விட்டு வால்வை மூடிட்டு நான் திரும்பிப் பாத்ததில்ல, மாஸ்டர். என் கை மூடுச்சுன்னா மூடுச்சு. நேத்தும் முந்தாநாளும் லீவு. ரெண்டு நாளும் வீட்டுலேர்ந்து கிளம்பி வந்து பாத்துட்டுப் போனேன். மூடித்தான் இருந்துச்சு. இன்னிக்கு நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. தப்பு என்னோடது இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. சொல்லி முடிச்சதும் நான் நேரா எங்க போனேன் தெரியுமா? வால்வுகிட்டதான்."

தொட்டிக்காரர் இன்னும் நான்கைந்து வாளி அள்ளினார். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டவர்போல மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏணியைப் பிடித்து மேலே ஏறினார்.

"இதோ வந்துடறேன்," என்றார். "ஒரு தடவை பாத்துட்டு."