சக்கரை கம்மியா போடுங்க

…சக்கரை என்றா சொன்னார், முஹ்சினா தன் கணவரையே பார்த்தாள், ஆமாம், "மாஸ்டர், சக்கரை கம்மியா போடுங்க" என்று சுபைர் முழுசாகச் சொன்னார், வார்த்தையைத் தேடாமல், திக்காமல், உளுந்தூர்பேட்டை லாரி இரைச்சலுக்கு நடுவே, டீ மாஸ்டர் அதை அதிசயமாகவே நினைக்காமல் பாலை ஆற்றுகிறார்… போன மழைக்காலத்தில் தங்கள் பாத்திரக் கடையில் நின்று அண்டாவைக் குடை என்றவர், தன் தங்கை ரஜியா பேரைச் சொல்லி இவளைக் கூப்பிட்டுவிட்டுத் தானே மிரண்டவர். மூளையில் கட்டி. மருந்து இருக்கிறது, ஆனால் மூளை ரத்தக் குழாயின் சுவர் அதை உள்ளே விடாது என்று சென்னையில் டாக்டர் தேவிப்ரியா சொன்னபோது, இருந்தும் சேராத மருந்து எதற்கு என்றாள்… பிறகுதான் அந்தப் புது முறை, இன்னும் சோதனையில்தான் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், ஊசியில் நுண்குமிழிகளை ஏற்றி, தலைக்கு வெளியிலிருந்து காதுக்குக் கேட்காத ஒலியைக் கட்டியின் மேல் குவித்தால், குமிழிகள் துடித்துச் சுவரைக் கொஞ்ச நேரம் நெகிழ்த்துமாம், அந்த இடைவெளியில் மருந்து நுழைந்துவிடுமாம், சுவர் தானாக மூடிக்கொள்ளுமாம். மூடாவிட்டால்? கேட்டாள். ரத்தம் கசியலாம் என்றார் டாக்டர், ஒளிக்கவில்லை. சம்மதம் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தடவையும் அந்த அறை வாசலில் ஓதிக்கொண்டே கிடந்தாள். இன்று காலை டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டி, "பாதியா சுருங்கியிருக்கும்மா, இன்னும் போகணும், ஆனா மருந்துக்குக் கேக்குது" என்றார். அப்போது வராத அழுகை, ஊர் திரும்பும் வழியில், இந்தச் சக்கரைக்கு வருகிறது.

"இன்னா முஹ்சினா, அழுதுகினு கீற?"

"ஒண்ணுமில்லீங்க, அடுப்புப் புகை."

"நாளைலேர்ந்து கடைய நான் பாத்துக்கறன். நீ வூட்ல நிம்மதியா இரு."

நிம்மதிதான், நெஞ்சிலிருந்து கல் இறங்கின மாதிரிதான்… ஆனால் வீட்டிலா? அவர் படுத்ததிலிருந்து கடை இவள் கையில்தானே, கரியாலூர் விடுதிக்காரர் அண்டாவுக்கு இவளிடம்தானே பேசி முடித்தார், வெள்ளிமலையிலிருந்து வருகிற பெண்கள் அக்கா இல்லையா என்று கேட்டுத்தானே கடைக்குள் நுழைகிறார்கள், கல்லாவில் உட்கார நடுங்கியவளுக்கு அந்த நடுக்கம் எப்போது போனது… சுர்ரென்று கோபம் வந்தது, சுபைர்மேல், எத்தனை மாதமாயிற்று அவர்மேல் கோபப்பட்டு, நோயாளியிடம் யார் கோபப்படுவார்கள், அப்படியானால்… அல்லாஹ்வே, சண்டை போடத்தக்க மனுஷனாகத் திரும்பி வந்துவிட்டார்.

"நானும் வருவன்," என்றாள்.

"எதுக்கு?" என்றார், பழையபடி புருவத்தைத் தூக்கி.

கள்ளக்குறிச்சி பஸ் வந்து நின்றது, அவருக்கு ஜன்னலோரம் விட்டு உட்கார்ந்தாள், பதில் இருந்தது, எங்கிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை…