பென்சிலில் எழுதிய கன்ஃபர்ம்

நாற்காலி வாடகைக்கு விடுகிற அந்த மனிதருக்கு இங்கிலீஷ் வினைச்சொற்கள் ஒரு பதினைந்து தெரிந்திருக்கும். பதினாலின் மேல் அவருக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. ‘கன்ஃபர்ம்’ ஒன்றின் மேல்தான் தீராத பகை.

அதற்கு ‘உறுதி செய்வது’ என்று அர்த்தம் எழுதினவன் நாற்காலிக் கடை நடத்திப் பார்த்திருக்க மாட்டான் என்பது அவருடைய கட்சி. ‘கன்ஃபர்மா வர்றேன்’ என்றால் வேறு வேலை ஒன்றும் வராவிட்டால் வருவான். ‘டபுள் கன்ஃபர்ம்’ என்றால் முதலில் சொன்னது சும்மா என்று அவனே ஒப்புக்கொள்கிறான். ‘கன்ஃபர்ம் பண்ணிட்டுச் சொல்றேன்’ என்று போனவன் எதிரில் வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவான்.

அதனால் கடையில் ஒரு முறை வைத்திருந்தார். போனில் கன்ஃபர்ம் செய்தால் ஆர்டர் நோட்டில் பென்சில். மறுபடி கூப்பிட்டுச் சொன்னால் நீல மை. நேரில் வந்து, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்து, ‘இதையே அனுப்புங்க’ என்றால்தான் சிவப்பு மை. சிவப்பில் ஏறியதை யார் வந்து கெஞ்சினாலும் மாற்ற மாட்டார். பென்சிலுக்கென்றே சட்டைப் பையில் கட்டைவிரல் பருமனில் ஒரு ரப்பர் இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு வீட்டில் மனைவி கேட்டாள்.

“என்னங்க, சேர் எத்தனை மணிக்கு வருது?”

“எந்த சேர்?”

அவள் கையிலிருந்த துடைப்பம் நின்றது. நாலு மணிக்கு மகள் விரும்பும் பையனின் வீட்டார் முதல் தடவையாக வருகிறார்கள். இரண்டு பக்கத்துச் சொந்தமும் சேர்ந்து இருபத்தெட்டுப் பேர். பையனின் அம்மா எதற்கும் குறை கண்டுபிடிக்கக்கூடியவள் என்று ஏற்கெனவே சேதி வந்திருந்தது. நாற்காலிக்காரர் வீட்டிலோ ஒரு பெஞ்சும், ரிப்பேருக்காகக் கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு மூன்று கால் நாற்காலியும்தான்.

“போன வாரம் போன் பண்ணிச் சொன்னேனே. இருபத்தெட்டு, கன்ஃபர்ம்னு.”

போனில். நாற்காலிக்காரர் கடைக்கு ஓடி நோட்டைப் பிரித்தார். ‘வீடு, 28’ என்று அவர் கையெழுத்தே பென்சிலில் பாதி அழிந்து கிடந்தது. அதன் மேல் சிவப்பில் ‘காலை நடைச் சங்கம், 120’. அவரிடம் இருப்பதே நூற்றிருபதுதான். எல்லாம் காலையிலேயே சங்கத்தின் கூட்ட அரங்குக்குப் போய்விட்டன.

மனைவி பின்னாலேயே வந்து எட்டிப் பார்த்தாள். கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

“இருபத்தாறு வருஷம் உங்களோட குடித்தனம் பண்ணியிருக்கேன். என்னைப் பென்சில்ல எழுதியிருக்கீங்க.”

“நீ நேர்ல வரலையேம்மா...”

“ஆமாங்க. கடைக்கு வந்து உட்கார்ந்து ஆட்டிப் பார்த்திருக்கணும். என் தப்புதான்.”

பக்கத்துத் தெருவில் இன்னொரு நாற்காலிக் கடை உண்டு. அவனிடம் கேட்டால் கொடுப்பான், ஆனால் சாகும்வரை சொல்லிக்காட்டுவான். வெட்கத்தை விட்டு அவனுக்கும் போன் போட்டார். கடை பூட்டு, ஆள் வெளியூர். வேறு வழியில்லாமல் சங்கத்துக்கே நடந்தார்.

அரங்கில் நூற்றிருபது நாற்காலிகளும் வரிசை பிசகாமல் நின்றன. அவற்றில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்து நடந்து ஈர்க்குச்சியாகிவிட்ட மனிதர்.

“என்ன சார், கூட்டம் மூணு மணிக்குன்னீங்க. மூணேகாலாச்சே.”

“எண்பது பேர் கன்ஃபர்ம் பண்ணியிருக்காங்க. எல்லாரும் போன்ல கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாங்க.”

“கட்டைவிரல் வந்து உட்காராதே சார். ஒரு இருபத்தெட்டு சேர் மட்டும் நான் எடுத்துக்கட்டுமா? நூறுக்கு மேல சும்மாதானே நிக்குது.”

“அது எப்படிங்க? நான் நேர்ல வந்து, ஆட்டிப் பார்த்து, நீங்களே சிவப்பு மையில எழுதினது. அந்த மையைத் தொட மாட்டேன்னு பெருமையா வேற சொன்னீங்க.”

சொன்னது உண்மைதான். ஆனால் நாற்காலிக்காரர் கடைத்தெருவில் வளர்ந்தவர், எதிராளியின் முகத்தில் தேவை தெரிந்தால் விடமாட்டார். செயலாளர் திரும்பத் திரும்பத் தலைகளை எண்ணுவதைக் கவனித்தார்.

“எத்தனை பேர் வந்தா கூட்டம் செல்லும்?”

“நாற்பது. குறைஞ்சா கூட்டம் ரத்து, நான் ராஜினாமா. சங்கத்து விதி அப்படி.” செயலாளர் குரலைத் தாழ்த்தினார். “அந்த விதியைக் கொண்டுவந்தவனே நான்தான்.”

“இன்னைக்கு உறுப்பினராச் சேர்ந்தா இன்னைக்கே கணக்கில வருமா?”

“படிவத்தில கையெழுத்துப் போட்டா வரும்.”

“இருபத்தெட்டுப் பேர் தர்றேன். நாலு மணிக்கு. உங்க சேர் உங்ககிட்டயே இருக்கட்டும். எண்பது பேருக்கு வாங்கின டீயும் கேக்கும் எங்க ஆளுங்களுக்கு.”

“கேக் பாதி.”

“முழுசும். மேஜை விரிப்பும் வேணும். சம்பந்தி வர்றாங்க.”

செயலாளர் விரலை மடக்கினார். “என்னோட சேர்த்தும் முப்பத்தொன்பதுதான் ஆகுது.”

“நான் ஒருத்தன் இல்லையா? எங்கே கையெழுத்து?”

நாலு மணிக்குப் பையன் வீட்டார் அரங்க வாசலில் வந்து இறங்கினார்கள். “வீடு சின்னது, அதான் அரங்கம் ஏற்பாடு பண்ணிட்டார்” என்று மனைவி கூசாமல் சொன்னாள். பையனின் அம்மா நூற்றிருபது நாற்காலியைப் பார்த்து, “இவ்வளவு எதுக்கு?” என்றாள். குறையை எந்தப் பக்கம் திருப்பிச் சொல்வது என்று அவளுக்கே பிடிபடவில்லை. வரவேற்புப் புத்தகம் என்று நினைத்து எல்லாரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் தீர்மானம் வாசிக்கப்பட்டபோதுதான் தாங்கள் நடைச் சங்கத்து உறுப்பினர்களாகிவிட்டது அவர்களுக்குப் புரிந்தது. பூங்காவை வலமாகச் சுற்றுவதா, இடமாகச் சுற்றுவதா என்பது பொருள். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

நாற்காலிக்காரரைக் காப்பாற்றியது பையனின் அப்பா. வீட்டில் அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது போல. எழுந்து நின்று பன்னிரண்டு நிமிஷம் இடப்பக்கத்துக்காக வாதாடினார். பழைய உறுப்பினர்கள் கைதட்டினார்கள். பையனின் அம்மா வலப்பக்கம் என்று கை தூக்கினாள். மூன்று தீர்மானமும் நிறைவேறின. செயலாளர் பதவி தப்பியது. கேக்கில் துண்டுகூட மிஞ்சவில்லை.

கிளம்புகிற நேரம் பையனின் அப்பா நாற்காலிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். “நம்ம பக்கம் கன்ஃபர்ம்ங்க. டபுள் கன்ஃபர்ம்.”

நாற்காலிக்காரர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். சிவப்புப் பேனாவின் மூடியைத் திறந்தபோது மகள் அவரை ஓரமாக இழுத்தாள்.

“அப்பா, இருங்க. அவன் கை தூக்கறதுக்கு முன்னாடி அவங்க அம்மா கையைப் பார்த்தான். மூணு தடவையும்.”

“நானும் பார்த்தேன்.”

“பென்சில்ல எழுதுங்க.”

“நீதானேம்மா நேர்ல பார்த்துப் பிடிச்சிருக்குன்னே.”

“பார்த்தேன். ஆட்டிப் பார்க்கலை இல்ல?”

அவர் பேனாவை மூடினார். அரங்கின் மறுகோடியில் பையன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நாற்காலிகளை நாலு நாலாக அடுக்கிக்கொண்டிருந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. வாசலிலிருந்து அவன் அம்மா கூப்பிட்டாள்.

“டேய், வேன் கிளம்புது. அதெல்லாம் அவங்க ஆள் பார்த்துக்குவாங்க.”

“நூறு சேரும்மா. முடிச்சுட்டு பஸ்ல வர்றேன்” என்றான், திரும்பிப் பார்க்காமல்.

நாற்காலிக்காரர் மகளின் முகத்தைப் பார்த்தார். மறுபடி பேனாவைத் தொட்டார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். பென்சிலிலேயே எழுதினார், கொஞ்சம் அழுத்தி.

எழுதி முடித்ததும் அவள் கையை நீட்டினாள்.

“ரப்பரைக் கொடுங்க. அது என்கிட்ட இருக்கட்டும்.”