ஜெராக்ஸுக்கு வந்த கடிதங்கள்

இந்த மாதமும் பதினோரு கடிதங்கள். பதினொன்றிலும் ஒரே கேள்வி. அந்த அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா?

நான் வேலை பார்ப்பது ஒரு காமிக்ஸ் பதிப்பகத்தில். பிழை திருத்துவேன், குமிழிக்குள் வசனம் அடங்குகிறதா என்று பார்ப்பேன், வாசகர் பக்கத்துக்குப் பதில் எழுதுவேன். எங்கள் நாயகன் இடிமார்பன். பறப்பான், இடிந்து விழும் பாலத்தை முதுகில் தாங்குவான். அவனுடைய ஒரு சொட்டு ரத்தத்திலிருந்து வில்லன் செய்த நகல் ஒருத்தன் உண்டு. கதையில் அவனுக்குப் பெயரே கிடையாது. அலுவலகத்தில் ஜெராக்ஸ் என்போம். நான்கு இதழ் வந்தான், ஐந்தாவதில் செத்தான். ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் இடிமார்பனுக்கு ஒரு கடிதம் வந்தால் இவனுக்கு நாலு வருகிறது.

எல்லாம் நான்காவது இதழில் இருக்கும் ஒரு காட்சிக்காகத்தான். இடிமார்பன் ஊரில் இல்லாத நாளில் ஜெராக்ஸ் அவனுடைய அம்மா வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அந்தப் படிக்கட்டு, அந்தச் சமையலறை, அவள் மடி எல்லாமே அவன் நினைவில் இருக்கின்றன. எதிலும் அவன் இருந்ததில்லை. அவள் கதவைத் திறக்கிறாள். ஒரு கட்டம் முழுக்க அவனையே பார்க்கிறாள், வசனம் இல்லை. அடுத்த கட்டத்தில், “உள்ள வா, சாப்பிடு.”

“செத்த நகலை ஜனங்க ஏன் விடமாட்டேங்குறாங்கன்னு அரைப் பக்கம் எழுதிக் கொடும்மா” என்றார் ஆசிரியர். “இங்க நீதான் பட்டதாரி.”

“பாவம்னுதான் சார்” என்றார் வண்ணம் போடும் அண்ணன். “அசலுக்கு ஊரே இருக்கு. இவனுக்கு ஒரு நாதியும் இல்ல.”

“பாவமா? எனக்குக் கோவம்தாண்ணே வருது. என்னைச் செய்யுன்னு அவன் யாரையாவது கேட்டானா?”

“பாத்தும்மா. குமிழிக்குள்ள புகுந்து அடிச்சிடாத.”

எனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள். ஒன்றரை வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அடுத்த வருடம் நான் வீட்டிலேயே பிறந்தேன், யாரும் பதியவில்லை. பள்ளியில் பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது, மூட்டை தூக்கும் என் அப்பா, வீட்டில் முத்திரையோடு இருந்த ஒரே காகிதத்தை எடுத்து நீட்டினார். அது அக்காவுடையது. அவருக்கு எழுத்துத் தெரியாது. வாத்தியார் அதிலிருந்த பெயரை வாசித்தார், நான் அந்தப் பெயரானேன். “ஏழு வயசுக்கு வளர்த்தி பத்தலையே” என்றாராம் வாத்தியார். “எங்க வம்சமே குள்ளம் சார்” என்றாராம் அப்பா.

போன வருடம் அப்பா இறந்த பிறகுதான் அம்மா இதைச் சொன்னாள், துணி மடித்துக்கொண்டே. ஊர் முழுக்க என்னை அந்தப் பெயரால் கூப்பிட, அவள் மட்டும் ஏன் பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டாள் என்று அன்று புரிந்தது. செல்லம் என்று நினைத்திருந்தேன்.

அக்காவின் இறப்பைப் பதிந்தால்தான் என் பிறப்பைப் பதிய முடியும். அதற்கு அம்மாவின் கைரேகை வேண்டும். ஒரு வருடமாக முழங்கால் வலி, தலைவலி என்று தட்டிக் கழித்தவள் இன்று மூன்று மணிக்கு வருகிறேன் என்றிருந்தாள்.

அதற்குள் அரைப் பக்கத்தை எழுதி முடித்தேன். ‘அவளுக்குத் தெரியும். வந்தவன் தன் மகன் இல்லை என்று தெரிந்தேதான் தட்டு வைத்தாள். அவனுக்கு அந்தச் சோறு போதவில்லை. நீ யாரப்பா என்று ஒரு முறை கேட்கமாட்டாளா என்று காத்திருந்தே செத்தான். நீங்களும் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள்.’ ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

பதிவு அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் அம்மாள் நல்லவிதமாகத்தான் பேசினாள். “இதைப் பதிஞ்சா அந்தப் பேர்ல வாங்கின பட்டம் கேள்விக்குறியாகும். நீங்க யூனிவர்சிட்டிக்கு அலையணும். தெரியும்ல?”

“தெரியும். அலையறேன்.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். “அப்ப அவ படிச்சது?”

“யாரும்மா படிச்சது? ஒரு அரியர் இல்லாம பாஸ் பண்ணினது யாரு?”

“நீதான் படிச்ச. இல்லேன்னா சொன்னேன்? அன்னிக்கு மேடையில அவ பேரைக் கூப்பிட்டாங்கல்ல, மைக்குல. அம்மான்னு முழுசாச் சொல்லத் தெரியாமப் போன புள்ள. அத்தனை பேரும் கை தட்டினாங்க.”

பட்டமளிப்பு நாளில் அங்கியோடு மேடையேறும்போது நான் கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கன்னமெல்லாம் ஈரம். பூரிப்பில் பார்க்க முடியவில்லை என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவள் பார்க்க வரவில்லை. கேட்க வந்திருக்கிறாள்.

“அப்ப நான் யாரும்மா?”

என் குரல் உயர்ந்திருக்க வேண்டும். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் துப்பட்டாவைத் தோளில் சரிசெய்தாள்.

“நீதான் இருக்கியே பாப்பா. அவளுக்கு அந்தக் காகிதம்தானே இருக்கு.”

எழுத்தர் அம்மாள் மைப்பெட்டியைத் திறந்து முன்னால் தள்ளினாள். அம்மா கட்டைவிரலை மையில் அழுத்தினாள். எடுத்தாள். காகிதத்துக்கு ஒரு சாண் மேலே விரல் நின்றது. மை நீலமாகப் பளபளத்து, ஓரத்தில் உலரத் தொடங்கியது. பின்னால் யாரோ இருமினார்கள். அம்மாவின் மணிக்கட்டு என் கைக்குள் இருந்தது. எப்போது பிடித்தேன் என்று நினைவில்லை. அதைத் தாங்கிக்கொண்டிருந்தேனா, கீழே அழுத்திக்கொண்டிருந்தேனா என்று எனக்கே தெரியவில்லை.